துரையின் முகமும் கடவுளின் முகமும்: மலாக்கா தோட்டத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் மறுமை நம்பிக்கை

1. கேள்வி

தோட்டத்துச் சாவு வீடுகளில் கிறிஸ்தவர்கள் சொல்லும் ஆறுதல் இரண்டு விதம். “பட்ட பாடு போதும், இனியாவது நிம்மதியாத் தூங்கட்டும்” என்பது ஒன்று. “ஆண்டவர் முகத்தப் பாக்கப் போயிட்டாங்க” என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருவதுண்டு. ஆயினும் முதலாவது, துன்பம் நின்றுவிட்டதை மட்டும் சொல்கிறது. இரண்டாவது, துன்பப்பட்டவருக்கு இனி ஒரு சந்திப்பு காத்திருக்கிறது என்கிறது.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த இரண்டாவது நம்பிக்கை என்ன செய்தது? அடங்கிப்போகச் செய்ததா, நிமிரச் செய்ததா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

மலாயா இந்தியர்களைப் பற்றிய அடிப்படை நூல்களான கெர்னியல் சிங் சந்து (1969), சின்னப்பா அரசரத்தினம் (1970), ரவீந்திர ஜெயின் (1970) ஆகியோரின் ஆய்வுகள் குடியேற்றம், கூலி, கங்காணி முறை, தோட்டச் சமூக அமைப்பு ஆகியவற்றில் ஊன்றி நிற்கின்றன. கிறிஸ்தவத் தொழிலாளியின் மரண நம்பிக்கை அவற்றின் பொருள் அன்று. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு, சிறுபான்மைக்குள் சிறுபான்மை. திருச்சபை வரலாறுகளோ பெரும்பாலும் ஆலயங்கள் எழுந்த கதையையும் குருக்கள் வந்துபோன கதையையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. எனவே இறையியல் மரபு, தமிழ்ப் பக்தி மரபு, தொழிலாளர் வரலாறு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படிப்பதே இங்கு நான் கைக்கொள்ளும் வழி.

2. மலாக்காவுக்கு வந்து சேர்ந்த நம்பிக்கை

1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் முக்கியமான ஜெபங்களையும் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார்; கையில் மணியோடு ஊர் ஊராகச் சென்று அவற்றைக் கற்பித்தார். உடல் உயிர்த்தெழும், முடிவில்லா வாழ்வு உண்டு என்பதே அந்தப் பிரமாணத்தின் முடிவு. அதே சவேரியார் 1545இல் மலாக்காவில் கரையிறங்கினார். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய உடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று புனித பவுல் குன்று எனப்படும் மேட்டிலிருந்த மாதா கோவிலில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டு, பிறகு கோவாவுக்குக் கப்பலேறியது. கூரையிழந்து நிற்கும் அந்தக் கோவிலுக்குள் காலிக் குழி இன்றும் காக்கப்படுகிறது. உடலின் உயிர்ப்பைத் தமிழில் சொல்லிக்கொடுத்த மனிதரின் உடலே தங்கிப்போன இடம் அது.

ஆனால் தோட்டத் தமிழர்கள் சவேரியார் காலத்துத் தொடர்ச்சி அல்லர். 1710இல் எழுந்த புனித பேதுரு ஆலயம் போர்த்துகீசிய வழித்தோன்றல்களான கிறிஸ்தாங் மக்களின் பக்தியில் வளர்ந்தது. 1849இல் பிரெஞ்சு குரு ஃபார்வே தொடங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் பின்னாளில் தமிழர்களுக்கும் சீனர்களுக்கும் வழிபாட்டு இல்லமானது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதைத் தொடர்ந்து புக்கிட் அசஹான் காடு தோட்டமாக மாறியது. அதன்பின் கங்காணிகள் திரட்டிவந்த கூட்டங்களில் திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளின் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இந்த வரத்து தொடர்ந்தது.

தோட்டத்தில் குருவானவர் எப்போதாவது வருபவர். பல இடங்களில் சாவை எடுத்து நடத்தியவர் உபதேசியார். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பெட்டியை வைத்து ஜெபமாலை சொல்லி, பாட்டெடுத்துக் கொடுத்து, தோட்டத்து இடுகாடுவரை நடந்தவர் அவர். ஆகவே தொழிலாளிக்குக் கிடைத்த இறையியல், உபதேசியாரின் நினைவில் நின்ற இறையியல்தான். கிராணி (எழுத்தர்) வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களின் நிலை வேறு. அவர்கள் ஆங்கிலம் படித்தவர்கள், நகர ஆலயத்தோடு தொடர்பு உள்ளவர்கள். ஒரே தோட்டத்தில் ஒரே மதத்துக்குள் இந்த இரண்டு நிலைகளும் இருந்தன என்பதை மனத்தில் கொள்ளாமல் மறுமை நம்பிக்கையைப் பற்றிப் பேச முடியாது.

3. காண்பது எப்போது, யார்?

கடவுளைக் கண்டவர் உயிரோடிருக்க முடியாது என்று விடுதலைப் பயண நூலில் மோசேக்குச் சொல்லப்படுகிறது. தூய உள்ளத்தோர் கடவுளைக் காண்பர் என்று மலைப்பொழிவில் இயேசு சொல்கிறார். இப்போது கண்ணாடியில் மங்கலாகத் தெரிவது அப்போது நேருக்கு நேராகத் தெரியும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். இம்மூன்றுக்கும் இடையிலேதான் கிறிஸ்தவச் சிந்தனை இரண்டாயிரம் ஆண்டுகளாக நடமாடிவருகிறது.

மேற்குத் திருச்சபையில் இது ஒரு பெரும் சச்சரவாகவே வெடித்தது. இறந்த புனிதர்கள் பொதுத் தீர்ப்பு நாள்வரை கடவுளை முழுமையாகக் காண்பதில்லை என்று திருத்தந்தை 22ஆம் யோவான் 1331 முதல் மறையுரைகளில் சொல்ல, இறையியலார் கொதித்தெழுந்தனர். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் ஓர் ஆணை வழியாக அதை முடித்துவைத்தார்: தூய்மை பெற்ற ஆன்மாக்கள் இறப்புக்குப் பின் தாமதமின்றிக் கடவுளை நேரடியாகக் காண்கின்றன. கத்தோலிக்கருக்கு இன்றளவும் இதுவே போதனை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் உள்ள ஆன்மாக்களுக்காக நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுவதன் பின்னணியும் இதுதான்: காணவேண்டியவர் இன்னும் வழியில் இருக்கலாம், அவருக்காக மன்றாடலாம். சீர்திருத்தத் திருச்சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்கவில்லை. ஆன்மா தூங்குகிறது என்ற கருத்தை மறுத்துக் கால்வின் ஒரு தனி நூலே எழுதினார். இருந்தும் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன் தமிழர்களின் மரண அறிவிப்புகளில் “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்பதே வழக்கமான வாசகமாக நிலைத்துவிட்டது.

இதையெல்லாம்விட என்னை ஈர்ப்பது அகுஸ்தீனார் ‘கடவுளின் நகர்’ நூலின் இறுதிப் புத்தகத்தில் எழுப்பும் கேள்வி. உயிர்த்தெழுந்த உடலின் கண்கள் கடவுளைக் காணுமா? அவர் தயங்கித் தயங்கிச் செல்கிறார். கடைசியில், புதிய வானத்திலும் புதிய பூமியிலும் ஒவ்வொருவரும் மற்றவரிடத்தில் கடவுளைக் காணலாம் என்ற இடத்துக்கு வருகிறார். கடவுளைக் காண்பது தனி ஆன்மாவின் தனித்த இன்பம் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. அந்தக் காட்சியில் அடுத்த லயத்துக்காரரின் முகமும் இருக்கிறது.

4. யோபு கேட்டது ஓய்வையா?

சாவுச் சடங்கில் வாசிக்கப்படும் பகுதிகளில் யோபு நூலின் 19ஆம் அதிகாரம் முதன்மையானது. ஆங்கிலிக்கன் அடக்க வழிபாடு தொடக்கத்திலேயே அதை அறிக்கையிடுகிறது. தன் மீட்பர் உயிரோடிருக்கிறார், தோல் அழிந்த பின்னும் தான் கடவுளைக் காண்பேன், அதுவும் தன் கண்களாலேயே காண்பேன் என்பது அதன் சாரம்.

இந்த வரிகளின் எபிரேய மூலம் சிதைந்த நிலையில் கிடைத்திருப்பதால் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. எரோணிமுஸ் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இதை உடலின் உயிர்ப்பாகவே தெளிவாக்கினார். கிறிசோஸ்தோம் இங்கு உயிர்ப்பு நம்பிக்கையைக் காணவில்லை. யோபு சாவுக்கு முன் கிடைக்கும் நீதியையே எதிர்பார்த்தான் என்று படிப்போர் இன்றும் பலர். நூலின் இறுதியில் அவன் உயிரோடிருக்கும்போதே கடவுளைக் கண்டதாகச் சொல்வது அவர்களுக்கு வலுவான ஆதாரம்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு விஷயம் மாறுவதில்லை. இந்த அதிகாரத்தில் யோபு ஓய்வு கேட்கவில்லை. ஓய்வை அவன் கேட்டது 3ஆம் அதிகாரத்தில்: சிறியவனும் பெரியவனும் ஒன்றாய்க் கிடக்கும், அடிமைக்கு எஜமானின் தொல்லை இல்லாத கல்லறைக்காக அங்கே ஏங்கினான். 19இல் அவன் வேறு மனிதன். உறவினர் கைவிட்டார்கள், வேலைக்காரர்களே பதில் சொல்வதில்லை என்று முறையிட்டு, தன் சொற்கள் இரும்பாணியால் பாறையில் வெட்டப்பட வேண்டும் என்கிறான். அதற்குப் பிறகுதான் மீட்பரைப் பற்றிய பேச்சு. அந்த மீட்பர், இஸ்ரவேலின் வழக்கத்தில், குடும்பத்தில் ஒருவன் நிலமிழந்தாலோ அடிமைப்பட்டாலோ அவனுக்காக முன்வந்து நிற்கவேண்டிய இரத்த உறவினர். ஆக, பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம், துணை நிற்கும் உறவினர், நேருக்கு நேரான விசாரணை என்று ஒரு வழக்கின் எல்லா உறுப்புகளும் இங்கே உள்ளன. கடவுளைக் காண்பது என்றால் யோபுவுக்குத் தன் வழக்கு கேட்கப்படுவது.

தோட்டத்துச் சாவு வீட்டில் இந்தப் பகுதி பல காலமாகத் தேற்றரவுக்காகவே வாசிக்கப்பட்டது. வழக்கின் குரல் அதில் மங்கிப்போனது. இதை இழப்பு என்றே கருதுகிறேன்.

5. நந்தன் அறிந்த வழி

மலாக்காவின் தமிழ்க் கிறிஸ்தவர் இந்த நம்பிக்கையை வெற்று மனத்தோடு கேட்கவில்லை. லயத்தின் ஒரு முனையில் மாரியம்மன் கோவில், மறு முனையில் முனியாண்டி. தெய்வத்தைக் காண்பது அங்கே அன்றாடம். தீபாராதனை காட்டும் அந்த நேரத்தில் பக்தர் தெய்வத்தைக் காண்கிறார், தெய்வமும் பக்தரைக் காண்கிறது. இந்தச் சூழலில், மறுமையில்தான் காண்பாய் என்ற கிறிஸ்தவப் போதனை ஒரு தள்ளிப்போடலாகத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் அதே தமிழ் மரபில் காணத் தடுக்கப்பட்டவன் கதையும் உண்டு. பெரியபுராணத்தின் திருநாளைப்போவாரைக் கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக விரித்தபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையாரைச் சேர்த்தார். சிதம்பரம் போக விடுப்புக் கேட்கும் நந்தனிடம் நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று அந்த எஜமானர் சொல்கிறார். கூலிக்காரன் கடவுளைக் காண முதலாளியிடம் அனுமதி வாங்கவேண்டிய நிலை! கூத்தாகவும் திரைப்படமாகவும் பரவிய இந்தக் கதையைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையே இருந்திருக்காது. நந்தன் தீயில் இறங்கித் தூயவனாகிக் கடவுளைக் காண்கிறான்; துன்பத்துக்கும் சாவுக்கும் அப்பால் காட்சி.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நந்தன் சிதம்பரத்துக் கூத்தனோடு கலந்து மறைகிறான். பிறகு யாரும் அவனைப் பார்ப்பதில்லை. யோபுவோ, காண்பது வேறொருவன் அன்று, தானேதான் என்று அழுத்துகிறான். நந்தன் தீக்குள் போய்த்தான் உள்ளே வர முடிந்தது என்பதைச் சாதியின் வன்முறையாகப் படிக்கும் தலித் வாசிப்புகள் நியாயமானவை. கிறிஸ்தவ நம்பிக்கை இந்த இடத்தில், அதாவது காயப்பட்ட உடலோடும் சொந்தப் பெயரோடும் ஒருவர் கடவுள்முன் நிற்பார் என்ற இடத்தில், கூடுதலாக ஒன்றைத் தருகிறது. உயிர்த்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் மறையவில்லை என்று யோவான் நற்செய்தி சொல்வதும் இதன் தொடர்ச்சியே. இருந்தாலும் கிறிஸ்தவர்கள் பெருமைப்பட இடமில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. கடவுள்முன் ஒன்றாக நிற்கப்போவதாக நம்பியவர்கள் ஒன்றாகப் புதைந்துகிடக்க ஒப்பவில்லை.

6. மிதிவண்டியிலிருந்து இறங்கியவர்கள்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதனின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று: துரையை (தோட்ட நிர்வாகியை) கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

கிள்ளான் மலாக்கா அன்று. ஆனால் இறங்கி ஒதுங்கி நிற்கும் வழக்கம் எந்த ஒரு தோட்டத்துக்கும் தனியானதாக இருக்கவில்லை. விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிடும்போது நிற்கும் விதம், ஆபீஸ் வராந்தாவுக்குக் கீழே நின்று பேசும் விதம் எல்லாம் ஒரே ஒழுங்கின் பகுதிகள். அதிகாரம் உள்ளவரின் முகத்தைத் தொழிலாளி நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அவர் இவனைப் பார்ப்பார், எண்ணிக்கையில் வைத்துக்கொள்வார். இவன் அவரைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த ஒழுங்குக்குள் வாழ்ந்த ஒருவரிடம், நீ இறந்தபின் எல்லாத் துரைகளுக்கும் மேலான ஆண்டவரின் முகத்தை நேருக்கு நேராகக் காண்பாய் என்று சொல்லும்போது அது வெறும் ஆறுதல் மொழியாக நின்றுவிட முடியாது. அனைத்தையும் ஆளும் ஒருவர் முன்னிலையில் தலை நிமிர்த்தலாம் என்றால், இங்கே ஏன் குனிய வேண்டும்? இந்தக் கேள்வியைத் தொழிலாளி வாய்விட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த நம்பிக்கை அதைத் தன்னுள் சுமந்திருக்கிறது. இதை என் விளக்கமாகவே முன்வைக்கிறேன். ஓய்வு பற்றிய ஆறுதலில் இந்தக் கேள்வி எழ வழியே இல்லை. தூங்குபவருக்கு முகம் பார்க்கும் தேவை இல்லை.

7. அபின் என்ற குற்றச்சாட்டு

மறுமை நம்பிக்கை மக்களை மயக்குகிறது என்ற மார்க்சின் 1844ஆம் ஆண்டு விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. அதே பத்தியில் அவர் மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் உணர்ந்திருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள்ளிருந்தே இந்த விமர்சனம் எழுந்தது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த, பரட்டை என்று மக்கள் அழைத்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), வானத்தைக் காட்டிப் பூமியை மறக்கச் செய்யும் பக்தியை எதிர்த்தார்; நாட்டுப்புற இசையில் புதிய வழிபாட்டை அமைத்து, ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்துண்பதைத் திருவிருந்தின் பொருளாக்கினார்.

தோட்டப் பிரசங்கங்களில் இந்த விமர்சனத்துக்கு உரிய சரக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “சிலுவையைச் சுமக்கணும்”, “ஆண்டவர் சோதிக்கிறார்” என்ற சொற்கள் மலேரியாவுக்கும் குறைந்த கூலிக்கும் கங்காணியின் அடிக்கும் ஒரே மருந்தாகக் கொடுக்கப்பட்டன. மலேரியா சோதனை அன்று. தேங்கிய நீரிலும் கொசுவிலும் கொய்னா தட்டுப்பாட்டிலும் வந்த நோய். மனிதர் தடுக்கக்கூடிய துன்பத்தைக் கடவுளின் பெயரில் எழுதிவைப்பது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை. நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அவர்களைத்தான்.

மறுபக்கத்தில், அமெரிக்கக் கறுப்பின அடிமைகளின் பாடல்களை ஆராய்ந்த ஜேம்ஸ் கோன் (1972), அவற்றின் மோட்ச மொழி தப்பித்தல் மொழியாக மட்டும் இருக்கவில்லை, எஜமானின் வரையறையை மறுக்கும் மொழியாகவும் இருந்தது என்று காட்டினார். இறையியலார் குஸ்தாவோ குத்தியெரெஸ் 1980களில் யோபுவைப் பெருவின் ஏழைகளோடு சேர்த்துப் படித்தார். இவ்விரண்டையும் மலாக்காவுக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. இங்கே அந்த அடிமைகள் பாடியது போன்ற தனிப் பாடல் மரபு உருவாகவில்லை, தமிழ்நாட்டிலிருந்து வந்த கீர்த்தனைகளே பாடப்பட்டன. ஆயினும் அவர்கள் முறையிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது: ஒரு நம்பிக்கையின் பொருளை அதைச் சொல்பவரின் இடத்திலிருந்து அளக்க வேண்டும். “கடவுளைக் காண்பாய்” என்று துரை சொன்னால் அது அடக்கும் சொல். லயத்துக் கிழவி சொன்னால் அது வேறு.

8. கல்லறை இல்லாதவர்கள்

இந்த நம்பிக்கை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் சயாம். 1942–43இல் ஜப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான சயாம் – பர்மா ரயில்பாதைக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். காலரா, பட்டினி, மலேரியா. இறந்தவர்கள் குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டார்கள் அல்லது எரிக்கப்பட்டார்கள். இந்துவுக்குக் கருமாதி இல்லை, கிறிஸ்தவருக்கு ஜெபம் இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் நேச நாட்டுப் படைவீரர்கள் ஏறக்குறைய 7,000 பேர் ஒழுங்கான வரிசைகளில் கிடக்கிறார்கள். தமிழர்களுக்கு அப்படியொரு வரிசை இல்லை; நடுகல் ஒன்று எழவே 2023 ஆகிவிட்டது. மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ஆர்.சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் அ.ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்ன’மும் இந்த மௌனத்தை எதிர்த்து எழுதப்பட்டவை.

உடல் கிடைக்காதவர் உடலோடு உயிர்ப்பாரா? 410இல் உரோமை சூறையாடப்பட்டு அடக்கமின்றிக் கிடந்தவர்களை நினைத்து அகுஸ்தீனார் எழுதிய பதில், அடக்கம் இல்லாமை இறந்தவருக்குத் தீங்கு செய்யாது, அடக்கச் சடங்கு உயிரோடிருப்பவருக்கே ஆறுதல் என்பது. இறந்தவர் பொருட்டு இந்தப் பதிலை ஏற்கிறேன். உயிரோடிருப்பவர் பொருட்டு அது போதாது. கணவனை ரயிலுக்கு அனுப்பிவிட்டு நாள், இடம் எதுவும் தெரியாமல் காத்திருந்த பெண்ணுக்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற மண் இல்லை. அவளுக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை, எங்கு கிடந்தாலும் அவனைக் கடவுள் அறிவார், ஒருநாள் இருவரும் அந்த முகத்தின் முன் சந்திப்போம் என்பது. இதை மயக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகம் கணக்கில் வைக்காத ஒருவனை அவள் கணக்கில் வைத்திருந்தாள்.

9. தாமான்களுக்குப் பிறகு

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. லயத்துக் குடும்பங்கள் மலாக்கா நகரத்துக்கும் அலோர் காஜா, ஜாசின் பக்கத்துத் தாமான்களுக்கும் (குடியிருப்புகளுக்கும்) நகர்ந்தன. நகரத்தில் கத்தோலிக்கரும் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கர்களும் தமிழில் வழிபடுகிறார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்துள்ளன. அங்கே கடவுளைக் காண்பது தரிசனமாகவும் குணமளிப்பாகவும் இம்மைக்கே இறங்கி வந்துவிட்டது. ஆசீர்வாதம் பேசப்படும் அளவுக்குத் துன்பம் பேசப்படுவதில்லை. நோயாளி குணமாகாதபோது அவருடைய விசுவாசத்தையே சந்தேகிக்கும் பேச்சு சில இடங்களில் கேட்கிறது. யோபுவின் நண்பர்கள் மீண்டும் வந்திருக்கிறார்கள்.

என் முடிவு இது. கடவுளைக் காணும் நம்பிக்கை தோட்டத் தமிழரை ஒரே திசையில் தள்ளவில்லை. ஓய்வின் மொழியாகச் சுருக்கப்பட்டபோது அது அடங்கிப்போகச் செய்தது. யோபுவின் மொழியில், வழக்கு கேட்கப்படும், பெயர் அழைக்கப்படும், முகம் நிமிரும் என்று சொல்லப்பட்டபோது அவர்களைக் காத்தது. திருச்சபைகள் அடக்க வழிபாட்டில் இந்த இரண்டாவது குரலை மீண்டும் கேட்கவைக்க வேண்டும்.

அதோடு, கைவசம் உள்ள ஒரு வேலையும் இருக்கிறது. கைமாறிய தோட்டங்களின் ஓரங்களில் சிமெண்டுச் சிலுவைகள் புதரில் மூழ்கிவருகின்றன. நிலம் கைமாறும்போது முதலில் காணாமற்போவது இடுகாடு. தன் சொற்கள் பாறையில் வெட்டப்பட வேண்டும் என்று யோபு கேட்டான். மலாக்காவின் பங்குகளும் சபைகளும் அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் தங்கள் அடக்கப் பதிவேடுகளைப் பிரதியெடுக்கட்டும். தோட்டத்து இடுகாடுகளுக்குப் போய் எஞ்சியுள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் படமெடுத்து எழுதிவைக்கட்டும். உங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் கிடக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தால், அதை உங்கள் ஆலயச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.